காசு கொடுத்தும் சொந்தமாகாத பைக் பந்தயம்: பதிவிறக்க வீடியோ கேம்களை வாங்கும் முன் அறிய வேண்டியவை

திருப்பதி: வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் கன்சோல் கருவியில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தியதும் பணம் வங்கிக் கணக்கிலிருந்து கழிகிறது; சிறிது நேரத்தில் விளையாட்டு கருவிக்குள் இறங்கிவிடுகிறது. கையில் வட்டு இல்லை, உறை இல்லை, கடை ரசீதும் இல்லை. அவ்வாறு வாங்கிய விளையாட்டு உண்மையில் வாங்கியவருக்குச் சொந்தமா? விற்ற நிறுவனம் நாளை தனது இணையக் கடையை மூடிவிட்டால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட, ஒரு சிறிய மோட்டோகிராஸ் பந்தய விளையாட்டின் வரலாறு போதுமானது. நின்டெண்டோ நிறுவனத்தின் 'எக்சைட்பைக்: வேர்ல்ட் ரேலி' என்ற அந்த விளையாட்டு 2009-ஆம் ஆண்டு பதிவிறக்க வடிவில் மட்டுமே வெளியானது. பத்து ஆண்டுகளுக்குள் அதை விற்ற கடையே மூடப்பட்டது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பிள்ளைகளுக்குக் கன்சோல் வாங்கித் தரும் பெற்றோரும் இந்த வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

மோட்டோகிராஸ் என்பது என்ன?

தார்ச் சாலையில் அல்லாமல் மண் மேடு, பள்ளம், சேறு, வளைவு ஆகியவை நிறைந்த மூடிய தடத்தில் நடைபெறும் மோட்டார் சைக்கிள் பந்தயமே மோட்டோகிராஸ். 1924-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள கேம்பர்லியில் நடந்த கரடுமுரடான நிலப் பந்தயம் இதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. மோட்டார் சைக்கிளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் 'கிராஸ் கன்ட்ரி' என்ற தொடரும் இணைந்து இப்பெயர் உருவானது. விளையாட்டரங்குக்குள் செயற்கை மண் மேடுகளை அமைத்து நடத்தினால் அது சூப்பர்கிராஸ் எனப்படுகிறது. இந்தியாவில் சூப்பர்கிராஸ் லீக் போட்டியின் முதல் பருவம் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனே, அகமதாபாத், பெங்களூரு நகரங்களில் நடைபெற்றது.

இருசக்கர வாகனத் தொழில் சித்தூர், திருப்பதி பகுதிக்குப் புதிதன்று. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேடு வட்டாரத்தில் ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனத்தின் ஆலை இயங்குகிறது. அந்நிறுவனத்தின் 'விடா' மின்சார ஸ்கூட்டர்கள் அங்குதான் தயாராகின்றன. அதே வட்டாரத்தின் சின்னபாண்டூரில் அப்போலோ டயர்ஸ் ஆலை உள்ளது. இவை தொடங்கப்பட்டபோது அப்பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பின்னர் திருப்பதி மாவட்டத்தின் கீழ் வந்தது. இதே ஹீரோ நிறுவனத்தின் பந்தய அணி, உலகின் மிகக் கடுமையான பந்தயங்களுள் ஒன்றான டக்கார் ரேலியில் 2017 முதல் பங்கேற்று வருகிறது. 2024 டக்காரில் அந்த அணியின் ராஸ் பிராஞ்ச் மோட்டார் சைக்கிள் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தார். அதற்கு முன்பே, 2015-இல் டக்கார் பந்தயத்தை நிறைவு செய்த முதல் இந்தியர் என்ற பெருமையை சி.எஸ்.சந்தோஷ் பெற்றிருந்தார்.

இத்தகைய பந்தயங்களில் இறங்குவதற்குப் பெரும் செலவும் பல ஆண்டுப் பயிற்சியும் தேவை. உயிருக்கு ஆபத்தும் உண்டு. ஆகவே பெரும்பாலான இளைஞர்கள் மண் தடப் பந்தயத்தை முதன்முதலாக உணர்வது திரையில்தான்.

1984-இல் தொடங்கிய கதை

வீட்டுக் கன்சோல்களில் மோட்டோகிராஸ் பந்தயத்தைப் பரவலாக்கிய விளையாட்டு 'எக்சைட்பைக்'. ஷிகேரு மியாமோட்டோ வடிவமைத்த இவ்விளையாட்டை நின்டெண்டோ 1984 நவம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் கன்சோல் அறிமுகமானபோது, உடன் வந்த முதல் விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று.

அதன் விதி எளிமையானது. ஒரு பொத்தானை அழுத்தினால் பைக் இயல்பான வேகத்தில் செல்லும். மற்றொன்றை அழுத்தினால் 'டர்போ' வேகத்தில் பாயும். ஆனால் டர்போவை நெடுநேரம் பயன்படுத்தினால் இயந்திரம் சூடேறி, பைக் தடத்தின் ஓரத்தில் நின்றுவிடும். தடத்தில் ஆங்காங்கே உள்ள அம்புக்குறிகளின் மீது ஓட்டிச் சென்றால் சூடு தணியும். மேட்டிலிருந்து பறந்து இறங்கும்போது சக்கரங்கள் நிலத்தின் சாய்வுக்கு ஏற்பப் படிய வேண்டும், தவறினால் வீழ்ச்சிதான். எங்கே வேகம் கூட்டுவது, எங்கே பொறுமை காப்பது என்ற கணக்கே இந்த விளையாட்டின் உயிர்.

விளையாடுபவர் தமக்கு விருப்பமான பந்தயத் தடத்தைத் தாமே வடிவமைக்கும் வசதியும் இதில் இருந்தது. வடிவமைத்த தடத்தை ஜப்பானில் ஒலிநாடாவில் பதிவு செய்து சேமிக்க ஒரு தனிக் கருவி விற்கப்பட்டது. அக்கருவி பிற நாடுகளில் வெளியாகவே இல்லை. ஆகவே அமெரிக்கப் பதிப்பில் 'சேமி' என்ற தெரிவு திரையில் தோன்றினாலும் அது வேலை செய்யவில்லை. கருவியை அணைத்தால் சிறுவன் மணிக்கணக்கில் அமைத்த தடம் அழிந்துவிடும். விளையாடுபவரின் உழைப்பு எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதை நிறுவனத்தின் முடிவே தீர்மானிக்கும் நிலை அன்றே தொடங்கிவிட்டது.

40 மெகாபைட்டில் ஒரு பந்தயம்

2008-ஆம் ஆண்டு நின்டெண்டோ தனது 'வீ' கன்சோலுக்காக 'வீவேர்' என்ற பதிவிறக்கச் சேவையைத் தொடங்கியது. வட்டு தயாரிக்கும் செலவு இல்லாமல் சிறிய விளையாட்டுகளைக் குறைந்த விலைக்கு நேரடியாக வீடுகளுக்கு அனுப்புவது அதன் நோக்கம். அக்கன்சோலின் உள் நினைவகம் 512 மெகாபைட் மட்டுமே என்பதால், ஒவ்வொரு விளையாட்டும் 40 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற வரம்பு இருந்தது. இன்றைய கைபேசியில் பதிவாகும் ஒரு சிறு காணொளியே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

அந்த வரம்புக்குள் அமெரிக்காவின் மான்ஸ்டர் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கியதே 'எக்சைட்பைக்: வேர்ல்ட் ரேலி'. 2009 நவம்பர் 9 அன்று வட அமெரிக்காவில் வெளியான இதன் விலை 1,000 'வீ புள்ளிகள்', அதாவது 10 டாலர். ஐரோப்பாவில் 'எக்சைட்பைக்: வேர்ல்ட் சேலஞ்ச்' என்ற பெயரில் வந்தது. 1984-இன் விதிகள் அப்படியே இருக்க, முப்பரிமாணக் காட்சியும், கையில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியைச் சாய்த்துப் பைக்கைச் சமன்படுத்தும் முறையும், நான்கு பேர் இணையம் வழியே மோதும் வசதியும் சேர்க்கப்பட்டன. வடிவமைத்த தடங்களை இம்முறை சேமிக்கவும் நண்பர்களுடன் பகிரவும் முடிந்தது.

அதே 2009-இல் பின்லாந்தின் ரெட்லிங்ஸ் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்காக 'ட்ரையல்ஸ் எச்டி' என்ற பைக் விளையாட்டைப் பதிவிறக்க வடிவில் வெளியிட்டது. வட்டு இல்லாமலே ஒரு பைக் விளையாட்டை விற்க முடியும் என்பது அந்த ஆண்டில் உறுதியானது.

மூன்று கட்டங்களாக அடைந்த கதவு

பிரச்சினை அதன் பின்னரே தொடங்கியது. 2014 மே 20 அன்று 'வீ' கன்சோலுக்கான இணைய விளையாட்டுச் சேவையை நின்டெண்டோ நிறுத்தியது. இதனால் இணையம் வழியே பிறருடன் பந்தயம் ஓடும் வசதி மறைந்தது. 2018 மார்ச் 26 அன்று புதிதாகப் புள்ளிகள் வாங்கும் வசதி நிறுத்தப்பட்டது. 2019 ஜனவரி 30 அன்று 'வீ' கடையே மூடப்பட்டது. அன்று முதல் இந்த விளையாட்டைப் புதிதாக எவரும் முறைப்படி வாங்க இயலாது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் தமது பிரதியை மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளும் வழி திறந்து வைக்கப்பட்டது. ஆயினும் அதுவும் ஒருநாள் நிறுத்தப்படும் என்று நிறுவனம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டது. மேலும், அக்காலத்தில் வாங்கிய விளையாட்டு ஆளின் கணக்குடன் அல்லாமல் அந்தக் குறிப்பிட்ட கருவியுடன் பிணைக்கப்பட்டிருந்தது. கருவி பழுதானால் விளையாட்டும் கைவிட்டுப் போகும் ஆபத்து இருந்தது. 1984-இன் பழைய கேட்ரிட்ஜை இன்றும் ஒருவர் மற்றொருவருக்கு விற்கலாம், பரிசளிக்கலாம், பேரப்பிள்ளைக்குத் தரலாம். 25 ஆண்டுகள் பிந்தி வந்த பதிவிறக்க விளையாட்டுக்கு அந்த ஆயுள் இல்லை.

இது ஒரு நிறுவனத்துடன் முடியவில்லை. நின்டெண்டோவின் '3டிஎஸ்', 'வீ யு' கடைகள் 2023 மார்ச் 27 அன்று மூடப்பட்டன. மைக்ரோசாப்ட் தனது எக்ஸ்பாக்ஸ் 360 கடையை 2024 ஜூலை 29 அன்று மூடியது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

கடைகளை மூடுவதற்கு நிறுவனங்களுக்கும் காரணங்கள் உண்டு. பழைய சர்வர்களைப் பராமரிக்கவும் பாதுகாக்கவும் ஆண்டுதோறும் செலவாகும். பயன்படுத்துவோர் எண்ணிக்கையோ குறைந்துகொண்டே வரும். பந்தய விளையாட்டுகளில் மற்றொரு சிக்கலும் உள்ளது. உண்மையான பைக் நிறுவனப் பெயர்கள், வீரர்களின் பெயர்கள், பாடல்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தக் குறிப்பிட்ட காலத்துக்கே அனுமதி பெறப்படுகிறது. அக்காலம் முடிந்ததும் விளையாட்டையே விற்பனையிலிருந்து விலக்க நேரிடுகிறது.

வாங்குவது பொருளா, அனுமதியா?

கிரயப் பத்திரத்துக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை நம் மக்கள் நன்கு அறிவர். கிரயம் செய்த நிலத்தை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். வாடகை வீட்டில் வசிக்கலாமே தவிர அதை விற்க முடியாது. பதிவிறக்க விளையாட்டு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நாம் பணம் கொடுத்துப் பெறுவது விளையாட்டை அன்று, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே.

இன்னும் நெருக்கமான உதாரணம் திருமலையிலேயே உள்ளது. 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டு பதிவு செய்தவரின் அடையாள அட்டையுடன் பிணைக்கப்பட்டது. அதை மற்றவருக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது. பதிவிறக்க விளையாட்டும் அவ்வாறே வாங்கியவரின் கணக்குடன் பிணைந்தது. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தரிசனச் சீட்டில் நாளும் நேரமும் அச்சிடப்பட்டுள்ளன. விளையாட்டின் உரிமம் எந்த நாளில் முடியும் என்பது வாங்கும்போது சொல்லப்படுவதில்லை. சிக்கலின் மையம் இதுவே.

பிற நாடுகளில் என்ன நடக்கிறது?

யுபிசாப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற வாகனப் பந்தய விளையாட்டு 2014-இல் வெளியானது. இணைய இணைப்பு இல்லாமல் இயங்காத வகையில் அது வடிவமைக்கப்பட்டிருந்தது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்கள் நிறுத்தப்பட்டதும், வட்டாக வாங்கியவர்களால்கூட அதை விளையாட முடியவில்லை. இதனால் எழுந்த எதிர்ப்பு, விற்ற விளையாட்டுகளை இயங்கும் நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் எனக் கோரும் இயக்கமாக வளர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கான குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பங்களைக் கடந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 2025 ஜனவரி 1 முதல் அங்கு நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, பதிவிறக்கப் பொருள்களை விற்போர் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தினால், தருவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும். நிரந்தரமாகப் பதிவிறக்கி, இணையம் இன்றிப் பயன்படுத்தக்கூடிய பொருள்களுக்கு விலக்கு உண்டு. இச்சட்டம் கடையை மூடுவதைத் தடுக்கவில்லை. வாங்குபவர் ஏமாறாமல் இருப்பதையே நோக்கமாகக் கொண்டது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். அதன் கீழ் வெளியான மின்வணிக விதிகள், இணையம் வழியே விற்கப்படும் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாகக் கூறுகின்றன. மின்வணிக நிறுவனங்கள் குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். புகாரைப் பெற்ற 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்பனை செய்யும் வெளிநாட்டு நிறுவனங்களையும் இவ்விதிகள் கட்டுப்படுத்தும்.

இதே சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற கருத்தும் இடம்பெற்றுள்ளது. தக்க காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வழிசெய்யும் நிபந்தனை அதில் அடங்கும். இத்தகைய புகார்களை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கு உண்டு. ஒரு விளையாட்டுக் கடை மூடப்படுவது இந்த வரையறைக்குள் வருமா என்பதை அந்தந்த வழக்கின் உண்மைகளைக் கொண்டு ஆணையமே முடிவு செய்ய வேண்டும்.

பணம் பிடித்தும் விளையாட்டு இறங்காமை, இருமுறை பணம் கழிதல், விளம்பரத்தில் சொன்ன வசதி இல்லாமை போன்ற சாதாரணக் குறைகளுக்கு மாவட்ட ஆணையத்தை நாடலாம். சித்தூரிலும் திருப்பதியிலும் நுகர்வோர் ஆணையங்கள் செயல்படுகின்றன. விற்ற நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே வழக்குத் தொடர 2019 சட்டம் அனுமதிக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வது எளிய முதல் படி.

தடை செய்யப்பட்ட விளையாட்டா?

ஆந்திரப் பிரதேசப் பெற்றோர் பலருக்கு எழும் மற்றொரு ஐயம் இது. இணைய ரம்மி, போக்கர் போன்ற பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை ஆந்திர அரசு 2020 செப்டம்பரில் அவசரச் சட்டம் மூலம் தடை செய்தது. நாடு முழுவதும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. விலை கொடுத்து வாங்கி, வெற்றிக்குப் பணப் பரிசு எதிர்பார்க்காமல் ஆடும் பைக் பந்தய விளையாட்டு இந்தத் தடைக்குள் வராது. மின்விளையாட்டுப் போட்டிகளை ஊக்குவிப்பதையும் மத்திய சட்டம் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

எனினும் பிள்ளைகளின் கணக்குகளில் கவனம் தேவை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. பெற்றோர் தமது கணக்கையே பிள்ளையிடம் ஒப்படைத்தால் இந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போகும். சேமித்து வைத்த வங்கி அட்டையும் பிள்ளையின் கையில் சேர்ந்துவிடும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, கன்சோலைத் தேர்ந்தெடுக்கும்போதே வட்டு இயக்கும் வசதி உள்ளதா என்று பார்க்க வேண்டும். வட்டு வசதி இல்லாத கன்சோலின் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் பழைய வட்டுகளை வாங்கவும், ஆடி முடித்ததை விற்கவும், நண்பரிடம் இரவல் பெறவும் அதில் வழியில்லை.

இரண்டாவதாக, தனியாக ஆடும் பகுதி இணைய இணைப்பு இன்றி இயங்குமா என்று விளையாட்டின் விவரப் பக்கத்தில் சரிபார்க்க வேண்டும். சர்வர் நிறுத்தப்பட்ட பின்னரும் பயன்படுமா என்பதை இதுவே தீர்மானிக்கும். 'வேர்ல்ட் ரேலி' விளையாட்டின் இணையப் போட்டி 2014-இல் நின்றாலும், தனியாக ஆடும் பகுதி தொடர்ந்து இயங்கியதற்கு இதுவே காரணம்.

மூன்றாவதாக, பதிவிறக்க அளவைக் கணக்கிட வேண்டும். 20 ஜிகாபைட் அளவுள்ள விளையாட்டு, நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 10 மெகாபிட் வேகத்தில் நான்கரை மணி நேரம் பிடிக்கும். நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் தரும் கைபேசித் திட்டத்தை மட்டும் நம்பினால் 10 நாள்கள் தேவைப்படும்.

நான்காவதாக, பணம் திரும்பப் பெறும் விதியைப் படிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் கடையில் வாங்கிய 14 நாள்களுக்குள், பதிவிறக்கத்தைத் தொடங்காமல் இருந்தால் மட்டுமே பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு கடைக்கும் விதி மாறுபடும்.

ஐந்தாவதாக, பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, செலவு வரம்பையும் விளையாடும் நேரத்தையும் நிர்ணயிக்க வேண்டும். வாங்கியதற்கான மின்னஞ்சல் ரசீதை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பின்னாளில் ஆணையத்தின் முன் அதுவே சான்று.

கடை மூடப்படும் அறிவிப்பு வந்தால், வாங்கிய அனைத்தையும் உடனே பதிவிறக்கிக் கருவியில் சேமித்துக்கொள்வது அவசியம். கணக்கில் எஞ்சியுள்ள தொகையையும் அதற்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

விளையாட்டுக்குச் செலவிடுவது வீண் அன்று. திரைப்படத்துக்கும் திருவிழாவுக்கும் செலவிடுவது போன்றதே. ஆனால் திரைப்படச் சீட்டு ஒரு காட்சிக்கு மட்டுமே என்பதை அறிந்தே வாங்குகிறோம். பதிவிறக்க விளையாட்டையும் அதே தெளிவுடன் வாங்கினால், கடை மூடப்படும் நாளில் ஏமாற்றம் குறையும்.